சிங்கவரத்துத் திருமுகம்: தேசிங்குராசன் கதைப்பாட்டில் போர் விலக்கும் குரல்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, நடந்தே சென்று சேரத்தக்க தொலைவில், சிங்கவரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றின்மேல் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றில் அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகின்றார். ஏறத்தாழ 24 அடி நீளமுள்ள அத்திருமேனி வேறிடத்தில் செய்து கொணர்ந்து வைக்கப்பட்டதன்று, மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டது. அதன் திருமுகம் சற்றே திரும்பியிருப்பதாகக் காண்பார்க்குத் தோன்றும். ஆர்க்காட்டு நவாபின்மேல் போருக்குச் செல்லத் தேசிங்குராசன் விடை வேண்டி நின்றபோது, அரங்கன் விடை தர விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று ஊரார் அதற்குக் காரணம் கூறுவர். தேசிங்கு கதையைப் பாடுவோரும் கூத்தாக ஆடுவோரும் இந்நிகழ்ச்சியை விடுவதில்லை.

இதனைத் தீநிமித்தம் எனக் கொண்டு ஒரு தொடரில் கூறிக் கடந்து செல்லுதல் பெருவழக்கு. வரப்போகும் அழிவை முன்னறிவிக்கும் குறி என்பதற்கு மேல் அதற்குப் பொருள் காண்பார் அரியர். யாம் அக்கருத்துக்கு உடன்படவில்லை. சிங்கவரத்து நிகழ்ச்சி குறி அன்று, அறிவுரை. நவாபோடு போர் புரிவதா, பொருந்திப் போவதா என்பது பற்றிச் செஞ்சிக் கோட்டைக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டின் எச்சமே அது என்பதும், அவ்வேறுபாட்டை மக்கட் பாவலன் மனிதர் வாயினின்று எடுத்துத் தெய்வத்தின் முகத்தில் வைத்தான் என்பதும் எம் துணிபு. அவன் அவ்வாறு வைத்ததனால் கதைப்பாட்டு எய்திய நலம் யாது, இழந்தது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். செஞ்சிக் கோட்டை 1698இல் முகலாயர் கைப்பட்டது. சில ஆண்டுகளில் புந்தேலா இராசபுத்திரராகிய சுவரூப்சிங் அதன் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பெற்றார். அவர் 1714இல் இறந்தார். அவர் மகன் தேச்சிங், நம் கதைப்பாட்டின் தேசிங்கு, வடக்கேயிருந்து வந்து கோட்டைப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் இரண்டு தடைகளை எழுப்பினார். சுவரூப்சிங் செலுத்த வேண்டிய பணம் நெடுங்காலமாக நிலுவையில் நின்றது என்பது ஒன்று. சாகீர் என்பது பேரரசன் தரும் அலுவல் ஊதியமே. தந்தைக்குப் பின் மகனுக்குத் தானே வந்து சேரும் உடைமை அன்று. புதிய ஆணை பெறுதல் வேண்டும் என்பது மற்றொன்று. தேசிங்கோ, ஔரங்கசீப் தன் தந்தைக்கு அளித்த ஆணையே போதும் என்றான். ஔரங்கசீப் 1707இல் இறந்துவிட்டார்; தில்லியில் அரியணை பலர் கைம்மாறிப் பரூக்சியர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. பழைய ஆணை புதிய அரசில் செல்லுமா என்பது உண்மையிலேயே வழக்குக்குரிய வினா. அவ்வினாவுக்கு 1714 அக்டோபர் 3ஆம் நாள் வாள் விடை கூறிற்று. ஏறத்தாழப் பத்து மாதமே கோட்டையை ஆண்ட இளைஞன், இருபத்திரண்டு வயதினன் என்பர், களத்தில் மாண்டான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரமும், அதனைப் பயன்கொண்டு சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தந்தை காலத்துக் காரியங்களை அறிந்த முதியோர், நவாபுக்கு முறைப்படி தெரிவித்து உடன்பாடு காண்பதே தக்கது எனக் கருதினர். இளைய தலைவன் அதனைத் தாழ்வென எண்ணினான். ஆகவே, பகைவன் கோட்டை வாயிலுக்கு வருவதற்கு முன்பே கோட்டைக்குள் இரு கருத்துகள் இருந்தன. கதைப்பாட்டில் இம்முதியோர் எங்கே போயினர்? பெரிய எழுத்துப் பதிப்புகளைப் புரட்டிப் பார்ப்பார்க்கு, ஆணை, நிலுவை, உரிமை என்னும் இவ்வழக்கின் நுட்பம் மறைந்து, கப்பம் கேட்ட நவாபும் கொடுக்க மறுத்த வீரனும் மட்டுமே எதிரெதிர் நிற்பது புலனாகும். காரியத்தர் வாயில் இருந்த சொல் அரங்கன் முகத்துக்கு ஏறிவிட்டது.

இனி, அம்முகம் திரும்பியது நிமித்தம் அன்று, அறிவுரையே என்று யாம் கூறுதற்குக் காரணம் வேண்டும். தமிழ்ப் புறப்பொருள் மரபு இவ்விரண்டையும் வேறு வேறாகவே வைத்துள்ளது. தொல்காப்பியர் வெட்சித்திணையில் பாக்கத்து விரிச்சியைக் கூறினார். ஊர்ப்பாக்கத்தே யாரோ தம் போக்கில் சொல்லும் சொல்லைப் போருக்குச் செல்வார் குறியாகக் கொள்வது விரிச்சி. சொல்லுபவர்க்குக் கேட்பவர்பால் நோக்கம் இல்லை. கன்றை நோக்கி ஆய்மகள் கூறிய சொல்லைப் படைத்தலைவன் தனக்கெனக் கொள்வது போன்றது அது. புறநானூற்றுப் பாடல்களுக்கு வகுத்த துறைகளுள் துணைவஞ்சி என்பதோ வேறு. வெல்லவும் கொல்லவும் எழுந்து நிற்கும் வேந்தனை நேரே நோக்கி, அவன் நலம் கருதும் ஒருவர், போரைத் தணித்துச் சந்து செய்ய முயல்வது அது. சோழர் குடியினராகிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் பொருதபோது கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாட்டும், தன் மக்கள்மேலேயே படையெடுத்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தணித்த 213ஆம் பாட்டும் இத்துறையின. இரண்டிலும் பேசுபவர் அரசனுக்கு உரியவர், அவனை இகழாதவர், அவன் செய்யப்போவதை மட்டும் மறுப்பவர்.

சிங்கவரத்து அரங்கன் தேசிங்குக்கு யார்? வழியில் எதிர்ப்பட்ட அயல்தெய்வம் அல்லன். நாள்தோறும் வழிபடும் தெய்வம். எச்செயலையும் கேட்டே செய்யும் தெய்வம். விடை கேட்டவனுக்கு விடை மறுக்கும் முகம் அது. பல்லி சொல்லுதலும் பூனை குறுக்கிடுதலும் போன்ற தற்செயல் நிகழ்ச்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. கேட்பதும் மறுப்பதும் ஆகிய உரையாடல் ஈண்டு உண்டு. தேசிங்கும் அதனைப் புரிந்துகொள்ளாமல் செல்லவில்லை. புரிந்துகொண்டே மீறிச் செல்கின்றான். நிமித்தத்தை மீறியவனுக்கு நாம் இரங்குவோம்; அறிவுரையை மீறியவனோடு நாம் வழக்கிடுவோம். கதைப்பாட்டைக் கேட்கும் ஊர்மக்கள் அவ்விடத்தில் அவனோடு மனத்துள் வழக்கிடுகின்றனர் என்பதே எம் கருத்து. ஆதலின் இதனை விரிச்சியின்பாற் படுத்தாமல் துணைவஞ்சியின்பாற் படுத்துதலே பொருந்தும்.

குடைவரை பல்லவர் காலத்தது. தேசிங்கு 18ஆம் நூற்றாண்டினன். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே சிற்பியின் உளி அமைத்த திருப்பத்தைப் பிற்காலத்துக் கதை தனதாக்கிக் கொண்டது. மக்கள் கற்பனைக்கு இது புதிதன்று. ஆயினும், அங்குள்ள சிற்பத்துக்கு எத்தனையோ வேறு காரணம் கற்பித்திருக்கலாம். போருக்கு இசையாத முகம் என்னும் காரணத்தையே இம்மண் தெரிந்துகொண்டது. கோட்டை நிழலில் வாழ்ந்து, வந்த படைகட்கெல்லாம் நெல்லும் வைக்கோலும் கொடுத்து நொந்த உழவர்களின் உள்ளமும் அதில் கலந்திருக்கக் கூடும் என்று கருதுவதில் பிழையில்லை.

தெய்வத்திடம் மறுப்பை வைத்ததனால் விளைந்த நலம் யாது? எதிர்க்கருத்துடையவனைக் காட்டிக்கொடுத்தவன் ஆக்கும் தேவை கதைப்பாட்டுக்கு இல்லாது போயிற்று. இஃது எளிய செய்தி அன்று. கம்பர் இராவணன் மந்திராலோசனையில் இரு மறுப்பாளரைப் படைத்தார். வீடணன் மறுத்தான், மறுத்தபின் பிரிந்து மாற்றாரோடு சேர்ந்தான். கும்பகருணன் மறுத்தான், மறுத்தபின்னும் அண்ணனுக்காகவே களம் புகுந்து இறந்தான். இவருள் அறத்தின் பக்கம் நின்றவன் வீடணனே எனக் காப்பியம் நிறுவினும், கற்போர் நெஞ்சைக் கவர்பவன் கும்பகருணனே. வீடணனைப் பற்றிய ஐயம் இன்றும் தீரவில்லை. பட்டிமண்டபங்கள் அதனைத் தீரவிடுவதும் இல்லை. மறுத்துப் பேசும் மனிதன் ஒருவனைப் படைத்தால், அவன் பின்னர் என்செய்தான் என்னும் வினா எழும். போனான் எனின் துரோகி; இருந்தான் எனின் வீணே மாண்டவன். அரங்கனோ போகவும் இல்லை, களம் புகவும் இல்லை. மலைமேல் கிடந்தபடியே மறுத்தான். பழிபடா மறுப்பாளன் ஒருவனை மக்கட் பாவலன் இவ்வாறு கண்டான்.

இந்நலம் மற்றொன்றுக்கும் இடந்தந்தது. தேசிங்கு கதையை இந்து மன்னனுக்கும் முசுலிம் நவாபுக்கும் நடந்த சமயப் போராகக் காட்ட முனைவார் உளர். கதைப்பாட்டும் வரலாறும் ஒருங்கே அதனை மறுக்கின்றன. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்துகான் முசுலிம். வழுதாவூரில் தன் திருமணக் கோலத்தில் இருந்தவன், நண்பனின் ஓலை கண்டு அக்கோலத்தை நீத்து வந்து அவனோடு களத்தில் மாண்டான். கதைப்பாட்டின் உச்சமே அதுதான். எதிர்ப்பக்கத்து நவாபின் அரசில் உயர் அலுவல் பார்த்தவர் இலாலா தோடர்மல். போர்க்கு அஞ்சி உடையார்பாளையத்துக்குக் கொண்டு சென்ற காஞ்சி வரதராசர் திருவுருவை 1710இல் மீட்டுக் கொணர்ந்து சேர்த்த திருமால் அடியவர் அவர். அவர் உருவச்சிலை இன்றும் அக்கோயிலில் உள்ளது. ஆக, அரங்கனை வணங்கியவன் ஒரு பக்கமும், வரதனை மீட்டவர் மறு பக்கமும், இருபுறமும் முசுலிம் வீரரும் நின்ற போர் இது. இப்போரில் தன் அடியவனுக்கும் வெற்றிவாக்கு அருளாது முகம் திருப்பிய தெய்வத்தை எந்தச் சமயக் கொடியின்கீழ் நிறுத்துவது?

கதைப்பாட்டு மரபு எதனைப் பாடத் தெரிந்துகொண்டது என்பதை அறிய, அது பாடாது விட்டதையும் நோக்குதல் வேண்டும். அதே கோட்டையில் தேசிங்குக்கு ஒரு தலைமுறை முன்பு நடந்த முற்றுகை, தேசிங்கின் ஒருநாட் போரைவிடப் பன்மடங்கு பெரியது. சிவாசி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் சம்பாசி 1689இல் ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டபின், இளைய மகன் இராசாராமர் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். அப்பயணத்தைக் கேசவ பண்டிதர் வடமொழியில் இராசாராம சரிதமாகப் பாடினார். சூல்பிகார்கான் 1690இல் கோட்டையை வளைத்தான். 1698இல்தான் அது வீழ்ந்தது. அந்நெடுங்காலத்தில் செஞ்சியை வாட்டியது முகலாயர் பீரங்கி மட்டும் அன்று. மராட்டியப் படைத்தலைவர் இருவர், சந்தாசி கோர்படேயும் தானாசி சாதவும், 1692இல் ஒருங்கு வந்து முகலாயரைக் கலக்கினர். காஞ்சிக்கு அருகே அலிமர்தான்கானைச் சந்தாசி சிறைப்பிடித்தார். சூல்பிகார்கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கும்படி நேர்ந்தது. ஆனால் அவ்விருவரிடையே தலைமைப் போட்டி முற்றிற்று. அரசரும் ஒருவர் பக்கம் சாய்ந்தார். 1696இல் விருத்தாசலத்துக்கு அருகே மராட்டியப் படை மராட்டியப் படையோடு பொருதது. மறு ஆண்டில் சந்தாசி தம் இனத்தான் ஒருவன் கையாலேயே இறந்தார். அதற்கடுத்த ஆண்டில் செஞ்சி போயிற்று.

பகைவர் பாசறையும் ஒன்றுபட்டு இல்லை. பேரரசன் மகன் காம்பட்சு கோட்டைக்குள் இருந்தோரோடு மறைவாகப் பேச்சு நடத்தினான். அதனை அறிந்த அசத்கானும் அவர் மகன் சூல்பிகார்கானும் இளவரசனையே காவலில் வைத்தனர். இருபுறமும் உட்பகை, இருபுறமும் மறைபேச்சு. இத்துணைப் பொருள்வளம் உள்ள முற்றுகைக்குத் தேசிங்குக்கு வாய்த்ததுபோன்ற தமிழ்ப் பாட்டு வாய்க்கவில்லை. வேற்றுமொழித் தலைவர் என்பது காரணமாகாது, தேசிங்கும் வேற்றுமொழியினனே. பத்து மாதம் ஆண்ட புந்தேலா இளைஞனைத் தன் பிள்ளையாக ஏற்ற தென்னார்க்காட்டு மண், எட்டாண்டு நின்ற மராட்டியரை ஏன் ஏற்கவில்லை? யாரைப் பழிப்பது, யாரைப் புகழ்வது என்று துணிய முடியாத கதையைத் தெருவில் பாட முடியாது என்பதே காரணம் எனத் தோன்றுகின்றது. உடைந்த வீட்டுக்கு ஒரு தலைவன் இல்லை. தலைவன் இல்லாமல் கதைப்பாட்டு இல்லை. திருவள்ளுவர் உட்பகைக்குத் தனியதிகாரம் வகுத்தார். கதைப்பாட்டுப் பாவலன் அதனைக் கண்டு ஒதுங்கினான்.

வலிய அயலாரோடு பொருதுநிற்கும் ஒரு மக்கள், அவரை எதிர்கொள்ளும் முறைபற்றியே தம்முள் இருகூறாதல் செஞ்சிக்கு மட்டும் உரியதன்று. நம் காலத்துப் பாலஸ்தீனம் அதற்குச் சான்று. இசுரேலோடு 1993இல் ஆசுலோ உடன்பாட்டைப் பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்றது. 1987இல் தோன்றிய ஹமாஸ் அதனை எதிர்த்தது; விடுதலை இயக்கத்துக்கு உள்ளேயே இடதுசாரி முன்னணியினரும் எதிர்த்தனர். 2006 சனவரித் தேர்தலில் 132 இடங்களுள் ஹமாஸ் 74 பெற்றது. 2007 சூனில் காசாவில் ஃபத்தாவும் ஹமாசும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதன்பின் காசா ஒருவர் ஆட்சியிலும் மேற்குக்கரை மற்றொருவர் பொறுப்பிலும் பிரிந்தன. இப்பிளவினைக் கண்ட கவிஞர் மஹ்மூத் தர்வீஷ், விடுதலை இயக்கத்தின் செயற்குழுவிலேயே அமர்ந்திருந்தவர். உடன்பாடு தமக்கு இசையாமையால் 1993இல் அப்பொறுப்பைத் துறந்தார். ஆயின் மாற்றணியில் சேரவில்லை. 2007இல் உடன்பிறந்தார் சண்டை மூண்டபோது இரு அணியையும் நோக்கிக் கசந்து எழுதினார். போகவும் செய்யாமல், இசையவும் செய்யாமல் நின்ற மறுப்பாளர் அவர். சிங்கவரத்து அரங்கன் நின்ற நிலையை அங்கே ஒரு மனிதர் ஏற்றார் எனலாம். அந்நிலையால் அவர்க்கு இருபுறத்துப் பழியும் வந்தது. தெய்வத்துக்கு அத்தொல்லை இல்லை.

இவ்வொப்பீடு கதைப்பாட்டின் குறையையும் நமக்குக் காட்டிவிடுகின்றது. தர்வீஷ் மறுத்தபோது காரணம் கூறினார், கோவூர்கிழாரும் கூறினார். நீவிர் இருவரும் ஒரு குடியினர், யார் தோற்றாலும் தோற்பது நும் குடியே என்னும் பொருள்பட அவர் எடுத்துரைத்தது வாதம். கேட்பவன் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். எவ்வாறாயினும் சிந்திக்க வேண்டியவன் ஆகின்றான். திரும்பிய முகம் காரணம் கூறுவதில்லை. நிலுவை எவ்வளவு, ஆணை செல்லுமா, துணைக்கு யார் வருவர், கோட்டைக்குள் இருந்து நாள் கடத்தலாகாதா, ஏன் சிறுபடையோடு வெளியிற் சென்று பொருதல் வேண்டும் என்பன போன்ற வினாக்கள் எழவே வழியில்லை. நாள் பொருந்தவில்லை என்னும் அளவில் அறிவுரை சுருங்கிவிட்டது. அதனாலேதான் பின்வந்தோர் அதனைத் தீநிமித்தம் எனப் பிழைபடக் கொண்டனர். பிழை அவருடையது மட்டும் அன்று. பாவலனுக்கும் அதிற் பங்குண்டு. முதியோரைப் பழியினின்று காத்தவன், அவர்தம் அறிவையும் உடன் மறைத்துவிட்டான்.

மகபத்துகான் படைப்பிலும் இக்குறை உண்டு. அவன் நட்பின் பெருமையை எவரும் மறுக்கார். எனினும், ஓலை வந்ததும் எழுந்து வருபவன் ஒருமுறையேனும் 'இப்போர் தகுமா' என்று நண்பனை வினவியிருந்தால் அவன் கும்பகருணனுக்கு இணையாக உயர்ந்திருப்பான். இடித்துரைக்கும் உரிமை நட்புக்கு உண்டு என வள்ளுவர் கூறியதைக் கதைப்பாட்டுத் தோழன் பயன்கொள்ளவில்லை. கேளாமல் இறப்பதே நட்பு எனப் பாட்டு கொண்டது. கூத்து மேடையில் அது கண்ணீரை வரவழைக்கும். திறனாய்வாளன் அக்கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இதனைக் கூறியே ஆகவேண்டும்.

இத்துணைக் குறை கூறியபின்னும், கதையின் இறுதிப்பகுதி எம்மை மீண்டும் பாவலன் பக்கம் ஈர்க்கின்றது. தேசிங்கு களத்தில் குண்டுபட்டு வீழ்ந்தான் என வரலாறு கூறும். கதைப்பாட்டோ, தோழனும் குதிரையும் மாண்டபின் அவன் தன் வாளைத் தானே மேலெறிந்து மார்பில் ஏற்று இறந்தான் என்று பாடுகின்றது. பகைவன் கொன்றான் எனக் கூற மனம் வராத பாவலன் எழுதியது என்று மட்டும் இதனைக் கொள்ளலாம். சிங்கவரத்து நிகழ்ச்சியோடு சேர்த்து நோக்குவார்க்கு வேறொரு பொருளும் தோன்றும். விடை மறுக்கப்பட்ட போருக்குத் தானே சென்றான். தன் கையாலேயே முடிந்தான். நவாபின்மேலும் பழியில்லை, தெய்வத்தின்மேலும் இல்லை, அறிவுரை கூறிய முதியோர்மேலும் இல்லை. இராணி தீப்பாய்ந்தாள். அவள் நினைவாகவே நவாப் இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. நீலாம்பூண்டியில் மகபத்துகானின் அடக்கவிடத்தை ஊரார் காட்டுகின்றனர். இளைஞனின் உடலைக் கண்டு இரங்குபவன் கதையில் நவாபே. கோட்டைக்குள் எவரும் வாய்விட்டுக் கூறாத சொல்லை, இத்தகையவன் இப்படி இறந்திருக்க வேண்டியதில்லை என்பதை, பாவலன் பகைவன் வாயில் வைத்தான்.